ரீகால் ஆன லேப்டாப் பேட்டரியும் விமானப் பயணமும்: கிளம்புமுன் செய்ய வேண்டியவை

லேப்டாப் நன்றாக ஓடும். பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும், சூடுகூட ஆகாது. ஆனாலும் அதை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று இருக்கலாம். “இந்தத் தொகுப்பில் வந்த பேட்டரி தீப்பிடிக்கக்கூடும், கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்” என்று தயாரித்த நிறுவனமே அறிவித்துவிட்டால், மாற்றும்வரை அதைக் கேபின் பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் போட முடியாது. நிறுவனம் இப்படித் திரும்ப அழைப்பதற்குத்தான் ரீகால் என்று பெயர்.

பலருக்கு இது கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் தெரியவருகிறது. அப்போது எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் பேட்டரி மாற்றும் வேலை ஒரே நாளில் முடிவதில்லை. டிக்கெட் போட்ட அன்றே கீழ்க்கண்ட வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தால் நிம்மதி, மூன்று வாரம் இருந்தால் சமாளிக்கலாம்.

உதாரணத்துக்கு 2015-இல் வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோவை எடுத்துக்கொள்கிறேன். 2019 ஜூனில் ஆப்பிள் இதற்கு ரீகால் அறிவித்தது. அந்த ஆகஸ்ட்டில் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பேட்டரியை மாற்றாமல் இந்த மாடலை விமானத்தில் கொண்டுவராதீர்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அதையே சொல்லின. நல்ல மெஷின் என்பதால் இன்றும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அது கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்காவது இந்த ரீகால் விஷயம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1. மாடலையும் சீரியல் நம்பரையும் சரியாக எடுங்கள்

ரீகாலை முடிவு செய்வது சீரியல் நம்பர்தான். மாடல் பெயரை மட்டும் வைத்துப் பயந்துவிடவும் வேண்டாம், நிம்மதியாகிவிடவும் வேண்டாம்.

மேக்கில் மேல் இடது மூலையில் இருக்கும் ஆப்பிள் குறியை அழுத்தி “அபவுட் திஸ் மேக்” திறந்தால் மாடல், வருடம், சீரியல் மூன்றும் வரும். அங்கே “ரெட்டினா, 15 இன்ச், மிட் 2015” என்று இருந்தால்தான் மேலே சொன்ன ரீகாலில் வர வாய்ப்பு. பெரும்பாலும் 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் விற்றவை அவை. 13 அங்குல மாடல் இதில் சேராது.

இங்கே ஒரு பொறி உண்டு. லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் ஏ1398 என்ற எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2012 முதல் 2015 வரை வந்த எல்லா 15 அங்குல ரெட்டினா மாடலுக்கும் அதே எண்தான். 2013 மெஷினை வைத்துக்கொண்டு பதறியவர்களும் உண்டு, 2015 மெஷினை வைத்துக்கொண்டு அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு.

ஹெச்பி லேப்டாப்பில் எஃப்என், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சீரியல் நம்பர் திரையில் வரும். டெல்லில் அடிப்பக்க ஸ்டிக்கரில் “சர்வீஸ் டேக்” என்று 7 எழுத்து இருக்கும். லெனோவோவிலும் அடிப்பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

மெஷின் ஆன் ஆகவில்லையா? அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தேய்ந்துபோயிருந்தால் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். எண்ணைக் கையால் எழுதுகிறபோது பூஜ்யத்தையும் “ஓ” எழுத்தையும் குழப்பிக்கொள்வது வெகு சகஜம். திரையில் கிடைத்தால் காப்பி எடுத்து ஒட்டுவதே உத்தமம்.

2. நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்

ஆப்பிள், ஹெச்பி, லெனோவோ என்று ஒவ்வொரு நிறுவனமும் ரீகாலுக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கிறது. சீரியலைப் போட்டால் உங்கள் மெஷின் சேருமா சேராதா என்று அங்கேயே சொல்லிவிடும். விடை வந்த திரையை, தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். “சேராது” என்று வந்தாலும் எடுங்கள். கவுண்டரில் கேள்வி வந்தால் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

தேடுபொறியில் “பேட்டரி ரீகால்” என்று போட்டதும் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். “கஸ்டமர் கேர்” என்ற பெயரில் மோசடி எண்கள் அங்கே நிறைய. ரீகால் சோதனைக்குப் பணம் கேட்க மாட்டார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள், உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆப் போடச் சொல்ல மாட்டார்கள். இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளமும் பயன்படும். எந்த மாடல், எப்போது விற்றது, என்ன கோளாறு, என்ன தீர்வு என்று ஒவ்வொரு ரீகாலையும் ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப் என்றால் அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

எல்லா ரீகாலும் ஒரே மாதிரி இருக்காது. லெனோவோ 2018-இல் ஐந்தாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனைத் திரும்ப அழைத்தபோது பேட்டரியில் பிழையே இல்லை. அசெம்பிள் செய்கிற இடத்தில் சரியாக முடுக்காத ஒரு திருகு உள்ளே கழன்று பேட்டரியை நசுக்கலாம் என்பதுதான் பிரச்சினை. அதனால் அங்கே முதலில் திறந்து பார்ப்பார்கள், பேட்டரி மாற்றுவது அடுத்த கதை. 2017 நவம்பர் 1-க்குப் பிறகு தயாரானவற்றுக்கு இது பொருந்தாது.

ஹெச்பி ரீகால் வேறு விதம். 2018 ஜனவரியில் ப்ரோபுக், இசட்புக், பெவிலியன் எக்ஸ்360 ஆகியவற்றின் சில மாடல்களுக்கு அறிவித்து, 2019-இல் இன்னும் விரித்தார்கள். இவற்றில் பேட்டரி உள்ளே பொதிந்திருப்பதால் நீங்களே கழற்றக் கூடாது. ஹெச்பி தந்த சோதனை மென்பொருளை ஓட்டி, பேட்டரி சேரும் என்று வந்தால், பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) “பேட்டரி சேஃப்டி மோட்” என்ற நிலையை இயக்கச் சொன்னார்கள். அது பேட்டரியை வடித்துவிட்டு, மேற்கொண்டு சார்ஜ் ஏறாமல் பூட்டிவிடும். லேப்டாப் அடாப்டரில் மட்டும் ஓடும்.

பயாஸைத் தொடுமுன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். 48 இலக்கம். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லையென்றால் பேட்டரியைக் காப்பாற்றப் போய் டேட்டாவை இழப்பீர்கள்.

3. லேப்டாப் ஒன்று, உள்ளே இருக்கும் பேட்டரி வேறொன்று

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இடையில் எப்போதாவது பேட்டரி மாற்றியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

ஹெச்பி ரீகாலில் லேப்டாப்போடு வந்தவை மட்டுமல்ல, தனியாக உதிரிப்பாகமாக விற்ற பேட்டரிகளும், சர்வீஸில் மாற்றிப் போட்டவையும் அடங்கும். லேப்டாப் பழையது, ரீகால் பட்டியலில் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே போன பேட்டரி அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததாக இருக்கும்.

மேக்புக்கில் தலைகீழ். ரீகால் சோதனை மெஷினின் சீரியலைத்தான் பார்க்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் யாரோ ஒருவர் மூன்று வருடம் முன்பு டூப்ளிகேட் பேட்டரி போட்டிருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அது தெரியப்போவதில்லை. அப்படி மாற்றியது உங்களுக்கு உதவவும் உதவாது. பேட்டரி மாறிவிட்டது என்பதற்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் தாள் உங்களிடம் இல்லை, போட்ட பேட்டரியில் பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்காக இருக்கிறதா என்பதும் தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, முன்சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் பேட்டரியின் பெயர், தயாரித்தவர், சீரியல், வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு எல்லாம் இருக்கும். தயாரித்தவர் இடம் வெறுமையாகவோ, சீரியல் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வரிசையாகவோ இருந்தால் அது கம்பெனி பேட்டரி அல்ல என்று கொள்ளுங்கள்.

அடுத்து வீக்கம். வீங்கிய பேட்டரி ரீகால் பட்டியலில் இல்லாவிட்டாலும் சேதமான பேட்டரி என்ற கணக்கில் வரும், ஆகவே அதுவும் பறக்கக் கூடாது. கண்ணாடி மேஜையிலோ சமமான கிரானைட்டிலோ லேப்டாப்பை மூடி வைத்து நாலு மூலையையும் விரலால் மெல்ல அழுத்துங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் அடிப்பக்கம் புடைத்திருக்கிறது. டச்பேட் முன்போல் அழுந்தாமல் கெட்டியாக நிற்பதும், மூடியபின் ஒரு பக்கம் இடைவெளி தெரிவதும், கீபோர்டின் நடுப்பகுதி மேடு தட்டுவதும் அதே நோயின் அறிகுறிகள். உள்ளே செல்லில் வாயு சேர்ந்து பை போல உப்பியிருக்கிறது. குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். லித்தியம் செல்லில் ஓட்டை விழுந்தால் அடுத்து வருவது தீ.

4. சர்வீஸ் சென்டர்: ஆவணம், செலவு, நாள்

ரீகாலில் பேட்டரி மாற்ற ஒரு பைசா இல்லை. வாரண்டி முடிந்திருந்தாலும் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாலும் இல்லை. உரிமை சீரியலுக்கு, வாங்கியவருக்கு அல்ல. 2015 மேக்புக் பேட்டரியை ரீகாலுக்கு முன்பே ஆப்பிளிடம் காசு கொடுத்து மாற்றியவர்கள் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி வைத்திருந்தார்கள். பழைய பில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பேட்டரி மாற்ற இடைஞ்சலாக வேறு சேதம் இருந்தால், உதாரணமாக உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தாலோ அடிமூடி வளைந்திருந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யக் காசு கேட்பார்கள். அது நியாயமான விதிதான், ரீகால் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கொடுக்கும்போதே “இலவசமாக ஆகுமா, எதற்காவது கட்டணம் வருமா” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நேராகக் கடைக்குப் போய் நிற்காமல், முதலில் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலை இன்னும் எடுக்கிறீர்களா? பாகம் கையிருப்பில் இருக்கிறதா, வரவழைக்க வேண்டுமா? மெஷினை எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள்? பழைய மாடல்களுக்கு இந்த மூன்றும் முக்கியம். 2015 மேக்புக்கில் பேட்டரியைப் பசை போட்டு மேல்மூடியோடு ஒட்டியிருக்கிறார்கள். அதனால் கீபோர்டு, டச்பேட் சேர்ந்த மேல்பகுதி முழுவதையும் மாற்றுவார்கள். அரைமணி வேலையாக இராததற்கு அதுதான் காரணம். உள்ளூரில் செய்யாமல் வேறு ஊருக்கு அனுப்பிச் செய்தால் இன்னும் நாள் கூடும். பயணத் தேதிக்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, பில் இருந்தால் பில், சார்ஜர், ரீகால் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். வேறொருவர் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும். ஆபீஸ் லேப்டாப் என்றால் நீங்களே கொண்டுபோகாதீர்கள், ஐடி பிரிவுக்கு மெயில் போடுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு அவர்களிடம்தான் இருக்கும்.

கொடுக்குமுன் டேட்டாவை வேறு டிஸ்கில் எடுத்துவிடுங்கள். ரீகால் என்று தெரிந்தபின் மெஷினை வழக்கம்போல் ஓட்டக் கூடாது. ஆகவே காப்பி எடுக்கும் நேரம் மட்டும், மெத்தை மேலோ சோபாவிலோ அல்லாமல் மேஜையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

வேலை முடிந்து வாங்கும்போது சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கவனமாகப் படியுங்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உங்கள் சீரியல் நம்பர், பேட்டரி மாற்றப்பட்டது என்ற வாசகம், தேதி. “சர்வீஸ் முடிந்தது” என்று மட்டும் இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். கட்டணம் பூஜ்யம் என்பதால் பில்லே வேண்டாம் என்று சில இடங்களில் விட்டுவிடுவார்கள். பூஜ்யத்துக்கும் பில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

5. வாட் அவர் கணக்கு

ரீகாலில் இல்லாத நல்ல பேட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு. விமான நிறுவனங்கள் பார்ப்பது வாட் அவர் என்ற அளவை. வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் அது வரும். மில்லி ஆம்பியரில் இருந்தால் பெருக்கியபின் 1000-ஆல் வகுங்கள்.

100 வாட் அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், தனி பேட்டரி (மெஷினில் மாட்டாமல் தனியாக எடுத்துப்போவது) என்றால் இரண்டுதான். 160-க்கு மேல் பயணி கொண்டுபோகவே முடியாது.

மேலே சொன்ன மேக்புக்கின் பேட்டரி 99.5 வாட் அவர். அந்த எண் தற்செயலாக வந்ததல்ல. இந்த 100 எல்லைக்குள் நிற்கத்தான் பெரிய லேப்டாப்பைக்கூட அதோடு நிறுத்துகிறார்கள்.

பவர் பேங்கில் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 20,000 மில்லி ஆம்ப் பவர் பேங்கை 5 வோல்ட்டால் பெருக்கி 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். 5 என்பது வெளியே வரும் வோல்ட். உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட் 3.7. ஆக 20,000-ஐ 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 74 வாட் அவர். 27,000 என்றால் 99.9, விளிம்பில் நிற்கும். 30,000 என்றால் 111, அனுமதி வேண்டும்.

உங்கள் கணக்கை செக்யூரிட்டி நம்ப வேண்டியதில்லை. அவர்கள் பார்ப்பது பவர் பேங்கின் முதுகில் அச்சிட்டிருப்பதை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை, உள்ளே எவ்வளவு இருந்தாலும், பிடுங்கி வைத்துவிடலாம். சீனாவுக்குள் விமானம் மாறுகிறவர்களுக்கு இன்னொன்று: 2025 ஜூன் 28 முதல் அங்கே உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கும் ரீகால் ஆனவற்றுக்கும் இடமில்லை. பவர் பேங்கிலும் ரீகால் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அதே மாதம் ஆங்கர் நிறுவனம் பவர்கோர் 10000 மாடலை, ஏ1263 என்ற எண்ணுள்ளதை, அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது.

6. விமான நிறுவனத்துக்கு எப்போது எழுத வேண்டும்

மெஷின் ரீகாலில் சேராதது, பேட்டரி 100 வாட் அவருக்குள் என்றால் எழுத வேண்டியதே இல்லை. இரண்டு சூழலில் எழுதுங்கள்: பேட்டரி 100-க்கும் 160-க்கும் இடையில் இருந்தால், அல்லது ரீகால் மாடலில் பேட்டரி மாற்றியிருந்தால்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மெயிலில் கேளுங்கள். போனில் “பரவாயில்லை சார்” என்று சொன்னதை கவுண்டரில் காட்ட முடியாது. பிஎன்ஆர், மாடல், சீரியல், வாட் அவர், சர்வீஸ் ரிப்போர்ட்டின் பிடிஎஃப் எல்லாம் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்புங்கள். இணைப்பு விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அவர்களுக்கும் தனியாக. ஒருவர் விட்டதை இன்னொருவர் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. 2019-இல் குவாண்டாஸ் 15 அங்குல மேக்புக் ப்ரோக்களைக் கேபினில் அணைத்து வைக்கச் சொன்னது. வர்ஜின் ஆஸ்திரேலியா மேக்புக் எதுவானாலும் கையில்தான் கொண்டுவர வேண்டும் என்றது.

வெப் செக்-இன்னில் ஆபத்தான பொருள்களின் படங்களைக் காட்டி ஒரு டிக் போடச் சொல்வார்களே, அதை யாரும் படிப்பதில்லை. அது உங்கள் உறுதிமொழி. ரீகால் ஆன பேட்டரியைப் பையில் வைத்துக்கொண்டு அதில் டிக் போடுவது பொய் சொல்வது.

7. பை கட்டும் நாள்

லேப்டாப் கேபின் பையில். செக்-இன்னில் போட விதி அனுமதித்தாலும் போடாதீர்கள். கீழே சரக்கறையில் ஒரு பேட்டரி புகையத் தொடங்கினால் பார்க்க ஆளில்லை, மேலே கேபினில் என்றால் ஒரு பாட்டில் தண்ணீரோடு ஆள் வந்துவிடுவார். தனி பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. இது விருப்பமல்ல, விதி.

லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். மூடியை மூடினால் அது தூங்கத்தான் செய்யும். பைக்குள் ஏதோ ஒரு அப்டேட்டுக்காக விழித்துக்கொண்டு, காற்றோட்டம் இல்லாமல் கொதிக்கும். விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கட்டும். பேட்டரியைச் சரக்காக விமானத்தில் அனுப்புகிறவர்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்ற விதி உண்டு. நிரம்பிய செல்லில் தீ வேகமாகப் பரவும், காலியான செல்லில் அடங்கிப் போகும். பயணிக்கு அந்த விதி இல்லை, ஆனால் காரணம் அதேதான். செக்யூரிட்டியில் ஆன் செய்து காட்டச் சொல்லலாம், அதனால் சுத்தமாகக் காலி செய்துவிடவும் வேண்டாம்.

தனி பேட்டரியின் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கிற பாக்கெட்டில் போட்டால் ஒரு சாவி இரண்டு முனையையும் தொட்டுவிடும். தீப்பொறி கிளம்ப அவ்வளவு போதும்.

லேப்டாப், பவர் பேங்க், தனி பேட்டரி மூன்றையும் ஒரே சின்னப் பையில் வைத்து, அதைக் கேபின் பைக்குள் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களில் இடமில்லை என்று விமான வாசலிலேயே கேபின் பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அந்த அவசரத்தில் பவர் பேங்க் எந்த அறையில் இருக்கிறது என்று துழாவ நேரமிருக்காது. சின்னப் பையை மட்டும் உருவிக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

தாள்களில் சர்வீஸ் ரிப்போர்ட், ரீகால் ஸ்க்ரீன்ஷாட், விமான நிறுவனத்தின் பதில் மெயில் மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். லேப்டாப்புக்குள் சேமித்து வைத்துவிட்டு லேப்டாப்பையே ஆன் செய்யக் கூடாது என்று நின்றவர்களும் இருக்கிறார்கள்.

8. கவுண்டரிலும் செக்யூரிட்டியிலும்

கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும், ஆனால் கேட்டதற்கு நேராகச் சொல்லுங்கள். “இது ரீகால் மாடல்தானே?” என்றால் “ஆமாம், பேட்டரி மாற்றியாச்சு, இதோ ரிப்போர்ட், சீரியல் இங்கே இருக்கு” என்று தாளையும் மெஷினின் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டு எண்ணும் பொருந்துகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். அவருக்குப் பேட்டரி தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பணிமேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லலாம். அதற்கு மேல் வாதாடிப் பயனில்லை, கடைசிச் சொல் விமான நிறுவனத்துடையது. ஆகவே வழியனுப்ப வந்தவரை நீங்கள் செக்யூரிட்டி தாண்டும்வரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். ஒருவேளை லேப்டாப்பை விட்டுப்போக நேர்ந்தால் கொடுத்துவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும்.

9. விமானத்துக்குள்

பவர் பேங்கை மேல் ரேக்கில் போடாதீர்கள், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். 2025 ஜனவரியில் புசானில் ஏர் புசான் விமானம் தரையிலேயே எரிந்தபின், தென் கொரியா மார்ச் முதல் இதை விதியாக்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட் அவருக்குள்.

போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். சீட்டின் இரும்பு அதை நசுக்கும், நசுங்கிய பேட்டரி பற்றிக்கொள்ளும். ஊழியரைக் கூப்பிடுங்கள்.

லேப்டாப் கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, உஸ் என்று சத்தம் வந்தாலோ, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாடை அடித்தாலோ, உடனே ஊழியரை அழையுங்கள். போர்வையால் மூடாதீர்கள், பைக்குள் திணிக்காதீர்கள், ஐஸ் கட்டி வைக்காதீர்கள். மூடினால் வெப்பம் வெளியேறாமல் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். தீயை அணைத்தபின்னும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருப்பார்கள். அணைந்தது மாதிரி தெரிந்தாலும் பக்கத்து செல் பத்து நிமிடம் கழித்துப் பற்றக்கூடும்.

10. வெளிநாட்டில் போய் இறங்கியபின் தெரிந்தால்

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்போது ரீகால் சேதி வந்தால், ஊருக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதே லேப்டாப்போடு ஏறாதீர்கள். பெரிய நிறுவனங்களின் ரீகால் பெரும்பாலும் உலகம் முழுவதற்கும்தான், அங்கே இருக்கும் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரே மாற்றித் தரும். உங்கள் நாள் போதாது என்றால் மெஷினை அங்கே நண்பரிடம் விட்டுவிட்டு டிஸ்கில் டேட்டாவை மட்டும் எடுத்துவாருங்கள்.

கூரியரில் அனுப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். சேதமான, ரீகால் ஆன பேட்டரியை விமானச் சரக்காக ஏற்றவும் தடைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று மறைத்து “துணிமணி” என்று எழுதி அனுப்பினால் அது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், அப்போது கேள்வி உங்கள் பெயருக்குத்தான் வரும். நண்பர் வீட்டில் வைக்கும்போது சார்ஜரில் மாட்டாமல், அலமாரித் துணிகளுக்குள் அல்லாமல், டைல்ஸ் தரையில் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.